இரவல் கதிரைகள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம், எங்கள் கத்தரீனா அக்கா பணக்காரி என்று அரசாங்கம் தீர்மானித்ததோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பணக்காரி வீட்டில் அன்றைக்குச் சீனி இல்லை, எல்லோரும் வெறும் தேத்தண்ணீர்தான் குடித்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் இந்த இடத்தில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

வத்தேகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கிற ஒற்றை அறை வீட்டு வரிசையில், கடைசிக் காம்பரா என் கூடப்பிறந்த அக்காவுடையது. அக்காவின் கணவர் வில்பிரட் மச்சான் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவர். சீனி வியாதியில் அவருக்கு ஒரு கால் போய்விட்டது. மகள் நிலூஷா கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். அந்தச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டு மச்சானுக்கு மருந்தும் வாங்க முடியாது. அதனால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அக்கா கூடாது என்கிறாள். அக்காவே குவைத்தில் நாலு வருடம் இருந்து வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் தாய்க்கும் மகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அரசாங்கத்தின் நிவாரணக் காசு மாதாமாதம் வருமானால் நிலூஷா குவைத் பேச்சை எடுக்க மாட்டாள். வராவிட்டால் அக்கா குறுக்கே நிற்க மாட்டாள்.

வந்திருக்க வேண்டிய காசுதான். கெடுத்தது அக்காவின் மரியாதை.

முதல் தடவை வீட்டைப் பார்வையிட உத்தியோகத்தர் வருகிறார் என்று தகவல் வந்ததும் அக்காவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. தோட்டத்துத் துரைமார் வந்தால் வாசலோடு போய்விடுவார்கள். கிராம சேவகர் ரோட்டில் நின்றே கூப்பிடுவார். ஒரு காரியாலயத்து ஆள் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. ஆகவே கீழ் வீட்டு அபீபாவிடமிருந்து பூப்போட்ட கர்ட்டினும் கண்ணாடிக் கோப்பைகளும் வந்தன. வீரையா அண்ணன் வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம் வந்தது. என் வீட்டிலிருந்து குஷன் கதிரைத் தொகுதி வந்தது. அதை முதுகில் சுமந்து மேடேறிய கழுதை அடியேன் றொட்னிதான்.

வந்தவர் குஷனில் அமர்ந்தார். கண்ணாடிக் கோப்பையில் குடித்தார். பட்டர் கேக் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு கையிலிருந்த டெப் கணினியைத் தூக்கி நாலு மூலையிலிருந்தும் படம் பிடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது. மேன்முறையீடு செய்தோம். அதற்கான மறுபரிசோதனைதான் இன்றைக்கு.

*

காலையில் நான் ஆட்டோவை ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தியபோது வீரையா அண்ணன் வேலையைத் தொடங்கியிருந்தார். (ஆட்டோ என்னுடையது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது லீசிங் கம்பனியுடையது. நான் அதை மேய்க்கிறேன், அவ்வளவுதான்.)

வீரையா அண்ணன் பக்கத்துக் காம்பரா. முதல் சுற்றிலேயே நிவாரணம் வாங்கியவர். அதனால் இந்த விஷயத்தில் எங்கள் லயத்துக்கு அவர்தான் பேராசிரியர். இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையின் நடுவில், இடுப்பில் கைவைத்து நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"டிவிய எடுங்க. கேஸ் சிலிண்டர் அபீபா வீட்டுக்குப் போகட்டும். அந்தோணியார் இருக்கலாம், ஆனா அந்தக் கலர் லைட்ட கழட்டிருங்க."

"அந்தோணியாரும் நிவாரணத்துக்கு எழுதிப் போட்டிருக்காரா அண்ணே?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நிலூஷா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு லைட் வயரைச் சுருட்டினாள். அவள் அரைநாள் லீவு போட்டிருந்தாள். அதற்கும் சம்பளத்தில் வெட்டுவார்கள்.

டிவியை நானும் அவளுமாகப் பெட்சீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பார்ப்பவர்களுக்குச் சவத்தைக் கொண்டுபோவதாகத்தான் தெரிந்திருக்கும். கீழ் வீட்டு அபீபா கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் முகம் சரியில்லை. தன் வீட்டிலும் நிவாரணம் வருகிறது, பார்க்க வருகிறவர் இங்கேயும் எட்டிப் பார்த்தால் இரண்டு டிவிக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். பெட்சீட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது சேலைப் பிரச்சினை நடந்துகொண்டிருந்தது.

அக்கா கிழிந்த சேலை ஒன்று உடுத்த வேண்டும் என்பது வீரையா அண்ணனின் கட்டளை. அக்கா பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. வறுமை இல்லாததால் அல்ல. கிழிசலை ஒரு நாள்கூட இருக்கவிடாதவள் அவள். கிழிந்த அன்றைக்கே ஊசியை எடுப்பாள், தைத்த இடத்தில் ஒரு பூவையும் போட்டுவிடுவாள். பெட்டி நிறையப் பூவாகத்தான் இருந்தது.

வீரையா அண்ணன் தன் வீட்டுக்குப் போய் ஒன்றைக் கொண்டுவந்தார். விறகு மூடிவைக்கிற சேலை. இரவில் அதன்மேல் அவருடைய நாய் படுக்கும். கூடவே ஓரம் பிய்ந்த பாயும் ஒன்று கொண்டுவந்தார்.

போன தடவை நல்ல சாமான்களை இரவல் வாங்கினோம். இந்தத் தடவை கிழிசலை இரவல் வாங்கினோம். எங்களிடம் சொந்தமாக வறுமைகூட ஒழுங்காக இல்லை.

அக்கா அந்தச் சேலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் மூத்திரமும் புகையும் கலந்த வாடை வாசல்வரை வந்தது. நிலூஷாதான் வாங்கி, தாய்க்கு உடுத்திவிட்டாள். மகள் தாய்க்குச் சேலை கட்டிவிடுவதைக் கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

அடுத்தது மச்சானின் முறை. வீரையா அண்ணன் கட்டிலருகே போய், வெட்டின கால் தெரியும்படி சாரத்தை மேலே சுருட்டிக்கொண்டு கொஞ்சம் முனகினால் நல்லது என்று ஆலோசனை சொன்னார்.

வில்பிரட் மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீரையா, செத்துக் காட்டினா கூடக் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு. அத நான் நல்லா செய்வேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குள்ளே ஒரு நாடகக்காரன் இருக்கிறான். பள்ளிக்கூடத்து நத்தார் நாடகத்தில், இயேசு பிறந்த தொழுவத்து ஆடாக நடித்ததோடு அவனுடைய தொழில் முடிந்துபோனது. அவன் இன்றைக்கு எழுந்துவிட்டான். அடுப்படியில் கரியெடுத்து, நத்தாருக்கு அக்கா சுண்ணாம்பு அடித்த சுவரில் அங்கங்கே தேய்த்தேன். கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

திரும்பினால் அக்கா நின்றிருந்தாள். கோபம் என்றால் தாங்கியிருப்பேன். சாப்பாட்டுக் கோப்பையில் புழு நெளிவதைப் பார்த்தவளுடைய முகம் அது. பார்த்தது சுவரையா என்னையா என்று எனக்குத் தெரியவில்லை.

*

என் மனைவி வதனா அப்போதுதான் மேடேறி வந்தாள்.

வதனா யாழ்ப்பாணத்துக்காரி, சைவம். தோட்டத்து வேதக்கார ஆட்டோக்காரனைக் கட்டிய குற்றத்துக்காக அவள் அப்பா விவேகானந்தன் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார். இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்து குஷன் கதிரைகள் இறங்கின. கூட ஒரு வார்த்தையும் வரவில்லை. கதிரைகளைத்தான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இன்னும் அதன் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. மன்னிப்பு அழுக்காகிவிடக் கூடாதே.

எங்கள் வீட்டுக்கும் நிவாரணம் வருகிறது. கதிரைகள் வருவதற்கு முன்பே எங்களைப் பார்வையிட்டு முடித்திருந்தார்கள். காசு வதனாவின் பெயரில் வங்கியில் விழுகிறது. வங்கி அட்டை கையில் கிடைத்த அன்று அவள் எனக்குக் காட்டவில்லை, நேரே அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் குவைத்தில் நாலு வருடம் உழைத்ததில் ஒரு சதமாவது தன் பெயருக்கு வந்ததில்லை, எல்லாம் ஆம்பிளைகள் பெயருக்கே வந்து ஆம்பிளைகள் கையாலேயே போனது என்று சொன்னாள். அதற்குப் பிறகு வதனா செருப்பு வாங்கினாலும் சரி, அவள் அம்மா பத்மாதேவிக்குப் பழம் வாங்கி அனுப்பினாலும் சரி, என்னிடம் கேட்பதில்லை. முதலில் எனக்கு அது குத்தியது. இப்போது சில நாட்களில் நான்தான் அவளிடம் பெற்றோலுக்குக் கேட்கிறேன்.

வதனா வாசலில் நின்று மூக்கைப் பொத்தினாள்.

"மச்சாள், இதென்ன கோலம்? கழட்டுங்கோ அதை. நாறுது."

"நாறட்டும் வதனா. இன்னிக்கு ஒரு நாள்தானே."

"சுவரில கரி பூசினது ஆர்?"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையை ஒளிக்காதேங்கோ. மூக்கிலயும் இருக்கு."

அக்காவின் உதடு சிரிக்கப் பார்த்தது. அதற்குள் வெளியே நாய் குரைத்தது. குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் மேடேறி வந்துகொண்டிருந்தாள்.

*

வந்தவர் பெயர் சந்தமாலி. போன தடவை வந்தவர் அல்ல. ஒசரிச் சேலையின் ஓரமெல்லாம் சேறு. மூச்சு வாங்கியது. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகள் முகத்தில் தெரிந்தன. பேசியது சிங்களத்தில். எங்கள் எல்லோருக்கும் அது விளங்கும், இங்கே தமிழில் தருகிறேன்.

தேத்தண்ணீர் கொடுக்கக் கூடாது, உட்காரச் சொல்லக் கூடாது என்பது வீரையா அண்ணனின் கடைசி உத்தரவு. சந்தமாலி மிஸ் நின்றுகொண்டே கேள்வி கேட்டார். அக்கா நின்றுகொண்டே பதில் சொன்னாள். ஆனால் அவள் கண் மிஸ்ஸின் கால்களிலேயே இருந்தது. மிஸ் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். அவ்வளவுதான், அக்காவால் முடியவில்லை. மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அந்த நாற்றச் சேலையின் தலைப்பாலேயே துடைத்து, இருங்க மிஸ் என்றாள்.

வெளியே வீரையா அண்ணன் தலையில் கைவைத்ததைப் பார்த்தேன்.

மிஸ் வாளியில் உட்கார்ந்து டெப்பைத் திறந்தார். கரிச் சுவர், பிய்ந்த பாய், அக்கா, மச்சானின் முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடி எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

போன தடவை எடுத்த படங்கள். கர்ட்டின், கடிகாரம், கண்ணாடிக் கோப்பைகள், பொலித்தீன் மினுமினுக்கும் குஷன் கதிரைகள். நடுவில் தன் நல்ல சேலையில் அக்கா, கேக் தட்டோடு சிரித்துக்கொண்டு.

இந்தச் சாமான்களெல்லாம் இப்போது எங்கே என்று மிஸ் கேட்டார்.

அவை இரவல் வாங்கியவை என்று அக்கா சொன்னாள்.

மிஸ் டெப்பை மடியில் வைத்தார். கோபம் வரவில்லை அவருக்கு, அலுப்புதான் வந்தது. இருப்பதை இல்லாததுபோலக் காட்டுகிற வீடுகளைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். டிவி வைத்த இடத்தில் தூசிச் சதுரம் அப்படியே இருக்கும், டிவி மட்டும் இருக்காது என்றார். (எங்கள் கண்கள் எல்லாம் ஒன்றாக அந்த மூலைக்குப் போயின. சதுரம் இருந்தது.) ஆனால் நிவாரணம் கேட்கிறவர்கள் இல்லாததை இருப்பதுபோலக் காட்டினார்கள் என்றால் எந்த மேலதிகாரி நம்புவார்? எதற்காக அப்படிச் செய்ய வேண்டும்?

"வீட்டுக்கு வர்றவங்கள நிக்க வச்சா பேசுறது, மிஸ்?" என்றாள் அக்கா.

மிஸ் தான் உட்கார்ந்திருந்த வாளியைக் குனிந்து பார்த்தார்.

நல்ல மனுஷிதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. நல்ல மனுஷிகளை இந்த வேலைக்கு அனுப்பி, ஏழைகளின் தூசியை அளக்கவைக்கிற புத்தி எந்த மண்டையில் உதித்ததோ, அந்த மண்டையை ஒருதரம் பார்க்க வேண்டும். ஒரு பெண் தன் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் அவளுக்குப் புள்ளி குறைகிறது. கிழிசலைத் தைத்தால் குறைகிறது. விருந்தாளிக்குக் கேக் கொடுத்தால் அடியோடு போய்விடுகிறது.

இரவல் கொடுத்தவர்கள் வந்து சொன்னால் தான் திருத்தி எழுதுவதாக மிஸ் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் அந்தச் சாமான்களை அவரவர் வீட்டு விவரத்தில் சேர்க்க வேண்டி வரும், அவர்களையும் மறுபடி பார்வையிடுவார்கள் என்றார்.

லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு கால் பங்குதான் நின்றது.

மிஸ் கர்ட்டின் படத்தைக் காட்டினார். அபீபா முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது எங்கட ஊட்டு கர்ட்டின் இல்ல மிஸ். எங்கட ஊட்டுல கர்ட்டினே இல்ல."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய பிள்ளைகளுக்குப் பால்மா அந்தக் காசில்தான். ஆனால் சொல்லிவிட்டு அவள் அக்காவைப் பார்க்காமலே இறங்கிப் போனாள்.

கடிகாரப் படம் வந்தது. வீரையா அண்ணன் தன்னைக் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டார்.

"எனக்கு மணியே பாக்கத் தெரியாதுங்க மிஸ்."

அடுத்தது கதிரை.

அக்கா என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என் வாயிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது என்பதற்காக. சிறு வயதில் தன் ரொட்டியை எனக்குத் தந்துவிட்டுப் பசிக்கவில்லை என்று சொல்லும்போதும் அவள் இப்படித்தான் வேறு எங்காவது பார்ப்பாள்.

நான் வாயைத் திறந்தேன். லயத்திலேயே வாய் நீண்டவன், செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன், வாயைத் திறந்தேன். வந்தது ஓர் இருமல். வேறொன்றும் வரவில்லை. மறுதலித்தல் என்ற சொல்லைக் கோயிலில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதை இருமியும் செய்யலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"கதிரை எங்கட, மிஸ்."

வதனா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். தன் அப்பா அனுப்பியது, கீழ் வளைவில் தங்கள் வீட்டில் இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று யாழ்ப்பாணம் கலந்த சிங்களத்தில் சொன்னாள். இவ்வளவு நேரமும் ஒரு ஆம்பிளையாவது பேசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். அது மிஸ்ஸுக்குச் சொன்னது அல்ல.

மிஸ் டெப்பை நிமிர்த்தி, பெயர் என்ன என்று கேட்டார். வதனா வாயெடுப்பதற்குள் அக்கா இருவருக்கும் நடுவில் வந்துவிட்டாள்.

"இல்ல மிஸ். அவ சின்னப் புள்ள, எங்கமேல பாவம் பார்த்துச் சொல்றா. கதிரை என்னோடது. மகள் கல்யாணத்துக்குன்னு வாங்கினேன். இங்க கூரை ஒழுகுதுன்னு தம்பி வீட்டுல வச்சிருக்கேன்."

"மச்சாள், என்ன கதைக்கிறீங்கள்?"

"நீ சும்மா இரு."

மிஸ் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார். சொத்துக்காகச் சண்டை பிடிக்கிற பெண்களை நிறையப் பார்த்திருப்பார். இது அவருக்குப் புதிது. ஒரு கதிரைத் தொகுதிக்கு இரண்டு சொந்தக்காரர் போட இதில் இடமில்லை என்றார். கடைசியாகக் கேட்கிறேன் என்றார். என்னுடையது என்று சொன்னால் மேன்முறையீடு இத்தோடு தள்ளுபடி, சொத்தை மறைத்ததாகவும் பதிவாகும் என்று அக்காவுக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினார். அப்படி விளக்கும்போது அவர் குரலில், வேண்டாம் அம்மா, சொல்லாதே என்ற கெஞ்சல்தான் இருந்தது.

"என்னோடதுதான் மிஸ்" என்றாள் அக்கா.

டெப்பின் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

*

மிஸ் போன பிறகு வீரையா அண்ணன் மெல்ல வந்து பாயைச் சுருட்டினார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சேலையை ஆறுதலாகக் கொடுத்தால் போதும், அவசரமில்லை என்று சொன்னார்.

அக்கா உள்ளே போய்த் தன் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். கிழிசல் சேலையை நான்காக மடித்து, ஓரம் நீவி அவர் கையில் கொடுத்தாள். பிறகு வாளியை நிமிர்த்தி, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, சுவரில் நான் பூசிய கரியைத் துணியால் தேய்க்கத் தொடங்கினாள். வதனா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன் மச்சாள் பொய் சொன்னனீங்கள்?"

"ஒருத்தி கையிலயாவது சொந்தக் காசு இருக்கட்டும்."

"அப்ப நிலூஷா?"

அக்கா துணியை நனைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கரி போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பரவிச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறமாகியது. நான் உதவிக்கு ஒரு துணியை எடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே அதை என் கையிலிருந்து வாங்கித் தன் வாளிக்குள் போட்டுக்கொண்டாள். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

நிலூஷா கடைக்குப் போகிற சட்டையை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வெளியே வந்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள்.

"மாமா, ஆட்டோவ எடுங்க. கட்டுகஸ்தோட்டைல பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்."

சுவரில் அக்காவின் கை நின்றது. உடன்பாடு உடன்பாடுதான். குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். திரும்பாமலேயே, "குடையை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். கை மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

கட்டிலில் வில்பிரட் மச்சான் முனகினார். காலையில் கேட்டபோது செய்யாததை இப்போது செய்தார்.

நான் ஆட்டோவுக்குப் போனால் வதனா எனக்கு முன்னால் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல காரியாலயத்துக்கு விடுங்கோ. அந்த மிஸ்ஸிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன்."

நிலூஷா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ வளைவுகளில் இறங்கியது. பிறகு நிதானமாக, கடையில் துணியின் விலையைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீங்க போய்ச் சொன்னா அம்மா பொய் சொன்னதுன்னு ஆயிரும், மாமி. அவங்களுக்கும் கிடைக்காது, ஒங்களுக்கும் வெட்டிருவாங்க. அம்மா செஞ்சது வீணாப் போயிரும்."

"அதுக்காக நீ போக வேணுமோ? உன்ர அம்மா ஏன் அந்த நாட்டைப் பற்றி வாயே திறக்கிறேல்ல எண்டு நீ யோசிச்சனியோ?"

"யோசிச்சிருக்கேன்."

"அப்ப?"

"யோசிச்சா மருந்து வாங்க ஏலாது, மாமி."

கண்ணாடியில் பார்த்தேன். வதனா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நிலூஷா கையை விடுவிக்கவுமில்லை, அவள் பக்கம் திரும்பவுமில்லை.

வத்தேகம சந்தி வந்தது. இடது பக்கம் கட்டுகஸ்தோட்டைப் பாதை. வலது பக்கம் காரியாலயம். எனக்குப் பின்னால் ஒரு கட்டுகஸ்தோட்டை பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

சொல்ல வேண்டிய இடத்தில் இருமியவன் நான். இங்கேயாவது இருமக் கூடாது என்று நினைத்தேன். கதிரையைச் சுமந்தவன் நான், கரியைப் பூசியவன் நான். போய்ச் சொல்ல வேண்டியவனும் நான்தான். மிஸ்ஸின் வாளிப் பார்வை நினைவுக்கு வந்தது. அந்த மனுஷிக்கு விளங்கும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. வலப்பக்க சிக்னலைப் போட்டேன்.

"நானே சொல்றேன் வதனா" என்றேன்.

சந்தியில் எல்லோரும் செய்வதுபோல மெதுவாக ஊர்ந்து திரும்பினேன். ஆட்டோ ஒரு பக்கம் இலேசாகியது. திரும்பிப் பார்ப்பதற்குள் நிலூஷா ரோட்டில் இறங்கியிருந்தாள். ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தியைப்போல நாலு எட்டு நடந்து, ஹோர்ன் அடித்த அந்த பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள். கொண்டக்டர் கை கொடுத்தான். பஸ் இடது பக்கம் திரும்பியது. பின்கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

வதனாவின் கை வெறும் சீட்டில் கிடந்தது.

"ஆட்டோவைத் திருப்புங்கோ" என்றாள்.

"காரியாலயம்?"

"திருப்புங்கோ எண்டு சொன்னன்."

எங்கள் பக்கத்து பஸ்ஸை ஆட்டோவில் துரத்திப் பிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் லீசிங் கம்பனி ஆட்டோவில், வதனா கொடுத்த காசுக்கு ஊற்றிய பெற்றோலில். எதிரே வந்த லொறிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

நான் திருப்பினேன்.